சாகாத வில்லன்: அமெரிக்க அதிமானுடச் சித்திரக்கதைகளும் வாசகர் விவாதமும்

ஐக்கிய அமெரிக்காவின் அதிமானுடச் சித்திரக்கதைகளை விடாது படித்துவரும் வாசகரிடையே ஓயாத விவாதமொன்று உண்டு. பற்மன் ஜோக்கரை ஏன் கொல்வதில்லை என்பதே அது. ஜோக்கர் மனநோயாளர் காப்பகத்திலிருந்து தப்புகிறான், கொலைகள் செய்கிறான், பிடிபடுகிறான், மீண்டும் தப்புகிறான். ஒரு சாரார் நாயகனின் அறவுறுதியை மெச்சுவர். மற்றொரு சாரார், இனிமேற் கொல்லப்படுவோரின் உயிருக்கு அவனே பொறுப்பாளி என்பர். இத்தகைய விவாதங்களைச் சிறுபிள்ளைத்தனமென ஒதுக்கும் மனப்பாங்கு எமது ஆய்வறிவாளர் சிலரிடம் காணப்படுகிறது. அது ஏற்கத்தக்கதன்று. கதையின் காரணகாரியத் தொடர்பு எங்கோ அறுந்திருப்பதை வாசகன் உணர்கிறான், உணர்ந்ததை வினாவாக்குகிறான். யதார்த்தத்துக்கான வேட்கையின் தொடக்கம் இதுவே. ஆனால், வினா நாயகனின் மனச்சாட்சியை நோக்கி எழுப்பப்படுகிறது. விடையோ பிறிதோரிடத்தில் இருக்கிறது.

ஜோக்கர் முதன்முதலாகத் தோன்றியது 1940இல், பற்மனின் பெயர் தாங்கிய சஞ்சிகையின் முதலாவது இதழில். அவ்விதழிலேயே அவன் இறந்துபடுவதாகக் கதை அமைந்திருந்தது. பதிப்பாசிரியர் விற்னி எல்ஸ்வேர்த் தலையிட்டு, அவன் உயிர்பிழைத்தமையைக் காட்டும் சித்திரமொன்றை இறுதியிற் சேர்ப்பித்தார். அக்காலப் பற்மன் கொலைக்குத் தயங்கியவனல்லன் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நாயகனின் கொல்லாமை நோன்பு பின்னர் வந்தது. வில்லனின் உயிர் அதற்கு முன்னரே காப்பாற்றப்பட்டுவிட்டது. அறம் எனப் பின்னாளில் விவாதிக்கப்பட்டது, தொடக்கத்தில் அடுத்த இதழின் விற்பனை பற்றிய ஒரு தீர்மானமே.

இவ்வடிவம் என்றும் இவ்வாறே இருந்ததில்லை. பெருமந்தத்தின் பின்விளைவுகள் தொடர்ந்த 1938ஆம் ஆண்டில், ஜெரி சீகல், ஜோ ஷூஸ்ரர் என்னும் இரு இளைஞர் படைத்த சுப்பர்மன் எவரை எதிர்த்தான்? 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம், இரண்டாம் இதழ்களில் ஆயுத உற்பத்தியாளன் ஒருவனை. மூன்றாம் இதழில் தொழிலாளரின் பாதுகாப்பைப் புறக்கணித்த சுரங்க முதலாளியை. அம்முதலாளியும் அவனது விருந்தினரும் அவனது சுரங்கத்துள்ளேயே அகப்படும்படி செய்யப்படுகிறது. அபாய அறிவிப்புக் கருவி இயங்கவில்லை என்பதை அவன் அங்கேதான் அறிகிறான். எட்டாம் இதழில், குற்றத்துக்குக் காரணம் சேரி வாழ்க்கையே எனக் கண்ட சுப்பர்மன் சேரியை இடித்துத் தள்ள, அரசு புதிய குடியிருப்புகளைக் கட்ட நேர்கிறது. தனியொருவனின் புயவலியால் சமூகத்தைத் திருத்தலாம் என்னும் குட்டிமுதலாளித்துவக் கனவு இதில் இல்லாமலில்லை. எனினும், தீமைக்கு ஒரு முகவரி இருந்தது. சுரங்க முதலாளி திருந்தியதும் கதை முடிந்தது. அவன் மீண்டும் வரவேண்டிய தேவை எழவில்லை.

1940இல் லெக்ஸ் லூதர் வந்தான். தீமை சமூக உறவுகளை விட்டு ஒரு விஞ்ஞானியின் மூளைக்குள் குடிபுகுந்தது. 1954இல் நடைமுறைக்கு வந்த சித்திரக்கதை ஒழுக்கக்கோவை, குற்றவாளிமீது அனுதாபம் பிறக்கலாகாது, அரசும் நீதித்துறையும் மதிப்பிழக்கும்படி சித்திரிக்கப்படலாகாது என்று விதித்தது. அதன்பின் காரணம் கேட்கவும் வழியில்லை. காரணமானோரைக் காட்டவும் வழியில்லை. எஞ்சியவர்கள் பித்தர்களே. 1986இல் ஜோன் பேர்ன் சுப்பர்மன் வரலாற்றைப் புதுக்கியபோது லூதர் பெருமுதலாளியானான். முற்போக்கு வாசகர் சிலர் மகிழ்ந்தனர். ஆயினும், அவனது பகைக்கு வேராகக் காட்டப்படுவது இலாபமன்று, சுப்பர்மன்மீது கொண்ட பொறாமை.

வாசகரின் விவாதமே விற்பனைப் பண்டமாக மாறிய நிகழ்வு 1988இல் நடந்தது. பற்மனின் துணைவன் றொபின் வேடம் பூண்ட ஜேசன் ரொட் என்னும் சிறுவனை ஜோக்கர் இரும்புக் கம்பியால் அடித்து, வெடிகுண்டு வைத்துச் செல்கிறான். அவன் வாழ்வதா சாவதா எனத் தீர்மானிக்குமாறு, இரு தொலைபேசி இலக்கங்களைத் தந்து வாசகரைக் கேட்டது டீ.சி. நிறுவனம். ஓர் அழைப்புக்கு ஐம்பது சதம். ஒருவரே பலமுறை அழைக்கவும் முடிந்தது. சாவுக்கு 5,343, வாழ்வுக்கு 5,271. எழுபத்திரண்டு வாக்குகளால் சிறுவன் இறந்தான். இதனை வாசகரின் குரூரம் என்று கண்டித்தோர் பலர். எம்மைப் பொறுத்தவரை முக்கியமானது கேட்கப்படாத வினாவே. பலியானவனின் உயிர் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஜோக்கரின் உயிர் விடப்படவில்லை. அவன் நிறுவனத்தின் நிலையான சொத்து. சொத்து வாக்கெடுப்புக்கு உரியதன்று.

அக்கதை அத்துடன் நிற்கவில்லை. அடுத்து ஜோக்கர் ஈரானின் ஐக்கிய நாடுகள் தூதுவனாக நியமிக்கப்படுகிறான். நியமிப்பவராக ஆயத்துல்லா கொமெய்னியே சித்திரிக்கப்படுகிறார். நோக்கமற்ற தூய பித்தன் எனக் கொண்டாடப்பட்டவனுக்கு, வேண்டியபோது வாஷிங்ரனின் எதிரி நாட்டுக் கடவுச்சீட்டுக் கிடைத்துவிடுகிறது. இறுதியில் அவன் ஏறிய ஹெலிகொப்ரர் விழுந்து நொறுங்குகிறது. உடல் கிடைக்கவில்லை, கிடைக்குமென எவரும் எதிர்பார்த்திருக்கவுமாட்டார்கள். 2005இல் ஜேசனும் உயிர்த்தெழுந்து வந்தான். வாக்களித்தோர் செலுத்திய பணம் மட்டும் திரும்பவில்லை.

மக்னீற்றோ பற்றிய விவாதம் இதனினும் ஆழமானது. 1964இல் அவன் தலைமையேற்ற இயக்கம் தன்னைத் தானே 'தீய' என அழைத்துக்கொண்டது. தன்னைத் தீயதெனப் பெயரிட்டுக்கொண்ட அரசியல் இயக்கம் எதனையும் வரலாறு அறியாது! 1981இல் கிறிஸ் கிளெயர்மொன்ற் அவனை அவுஷ்விற்ஸ் வதைமுகாமில் உயிர்தப்பியவனாக்கினார். அன்று முதல் அவனது வன்முறைக்கு வரலாறு கிடைத்தது. வாசகரும் அவனை விளங்கிக்கொள்ளத் தலைப்பட்டனர். பின்னர் கிறான்ற் மொறிசன் அவனைப் போதைக்கு ஆட்பட்ட கொலைவெறியனாக்கி 2004இல் சாகடித்தபோது வாசகர் கொதித்தெழுந்தனர். நிறுவனம் அவ்வாண்டிலேயே அவனை உயிருடன் கொணர்ந்து, இறந்தவன் போலி என விளக்கியது. மொறிசனின் கலைச்சுதந்திரம் பறிபோயிற்று என்றனர் சிலர். உண்மையான மக்னீற்றோ மீட்கப்பட்டான் என்றனர் வேறு சிலர். இருசாராரும் பாத்திரத்துக்கு உரிமையாளர் யார் என்பதை விவாதத்துக்கு வெளியே வைத்துக்கொண்டனர். சுப்பர்மனைப் படைத்த இருவரும் 1938இல் தமது உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டு, முதுமையில், 1975இல், பகிரங்கக் கண்டனத்தின் பின்னரே ஓய்வூதியம் பெற நேர்ந்த செய்தி இவ்வாசகர் அறியாததன்று. அதனைப் படைப்பாளரின் துயரக்கதையாக அவர்கள் ஓரிடத்திலும், வில்லன் ஏன் சாவதில்லை என்னும் வினாவை வேறோரிடத்திலும் வைத்துப் பேசிவருகின்றனர்.