கேள்விக் குன்றுகளின் குறுக்கிணைப்பும் ‘வரைபடம்’ என்னும் சொல்லும்

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’, கருவின் மூளையை 5132 வெட்டுகளில் காட்டும் அரிய தரவுத்தொகுப்பு. மூளை ‘வரைபடம்’ என அது அறிமுகமாயிற்று. வரைபடம் என்றதும் ஊர்களோடு சாலைகளையும் எதிர்பார்ப்பது இயல்பு. சாயமேற்றிய வெட்டுகள் காட்டுவதோ பெரும்பாலும் ஊர்களையே.

இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும் இடம் நடுமூளை. அதன் பின்புறம் இடமும் வலமுமாக அமைந்த கீழ்க்குன்றுகள் கேள்விப் பாதையின் முதன்மை நிலையங்கள். அவ்விரண்டையும் பிணைக்கும் நரம்பிழைக் கற்றையே குறுக்கிணைப்பு. இரு செவிகளின் செய்தியும் இங்கேதான் முதன்முதலாகக் கூடுகின்றன எனக் கொள்வது பிழை. கீழ்புத்துப்பட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தெற்கு நோக்கி நிற்பவரின் இடச்செவியைக் கடற்பக்கப் படகின் மோட்டார் ஓசை ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முந்தி அடைகிறது. தலை மறைப்பதால் வலச்செவியில் அது சற்றே தளர்ந்து ஒலிக்கிறது. இவ்வேறுபாடுகள் அதற்குக் கீழே, மூளைத்தண்டின் மேல் ஆலிவ் தொகுதியிலேயே ஒப்பிடப்பட்டுவிடுகின்றன.

அங்ஙனமாயின் குறுக்கிணைப்பின் பணி யாது? எலியில் சல்தாஞாவும் மெர்ச்சானும் 1992இல் காட்டியபடி, அதன் இழைகள் மறுபக்கத்தில் ஒத்த அதிர்வெண் அடுக்குகளையே பெரிதும் நாடுகின்றன. பெரும்பாலானவை தூண்டுபவை, சில அடக்குபவை. ஆர்ட்டனும் ரீஸும் 2014இல் கினிப்பன்றியின் ஒரு குன்றைக் குளிர்வித்துச் செயலிழக்கச் செய்தபோது, மறுகுன்றின் நரம்பணுக்கள் அதிர்வெண்ணுக்கும் ஒலியளவுக்கும் காட்டிய மறுமொழி மாறியது. ஆகவே இதனைப் பாலம் என்பதினும், ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் ஏற்பாடு என்பதே பொருந்தும்.

இத்தகைய முடிவுகள் உயிருள்ள விலங்கில் செய்த சோதனையால் கிடைத்தவை. இறந்த திசுவின் வெட்டு கற்றையின் இருப்பையும் அணுக்களின் அடர்வையும் சொல்லும். ஓரிழை மறுபக்க அணுவைத் தூண்டுகிறதா அடக்குகிறதா என்பதை நிசில் சாயம் சொல்லாது. இது தரணியின் குறையன்று. கருவளர்ச்சியில் குன்றுகள் உருப்பெறுவதை அறிய அதுபோன்ற தொகுப்பே வேண்டும். குறை அதனை இணைப்புப் படமாக வாசிப்பதில் உள்ளது. தமிழ்க் கலைச்சொல்லும் இம்மயக்கத்துக்குத் துணைபோகலாகாது. செவியிலிருந்து ஏறும் பாதை எதிர்ப்பக்கம் தாவுவதைப் ‘பக்கமாற்றம்’ என்றும், ஒத்த இரு பகுதிகள் தம்முள் பிணைவதைக் ‘குறுக்கிணைப்பு’ என்றும் பிரித்தே வழங்க வேண்டும்; இரண்டையும் ‘இணைப்பு’ என்ற ஒரே சொல்லால் சுட்டினால், ஆலிவ் தொகுதியின் வேலை குன்றின் கணக்கில் சேர்ந்துவிடும்.