முட்டைக்கும் வயது கேட்க வேண்டும்

பரந்தன் சந்தியிலிருந்து பூநகரி வீதியால் கொஞ்சத் தூரம் போனால் சின்னம்மாவின் வளவு வரும். பத்து மணிபோல் ஒரு பேடு கேரத் தொடங்கினால் சின்னம்மா அகப்பையை வைத்துவிட்டு வைக்கோற்போர்ப் பக்கம் போவார். கூட்டிலிருக்கும் எல்லா முட்டையையும் எடுக்கமாட்டார். ஒன்றைக் கரியால் கீறி அங்கேயே விட்டுவிடுவார். கூடு வெறுமையாகக் கிடந்தால் பேடு அடுத்த முட்டையைப் பற்றைக்குள் கொண்டுபோய் இட்டுவிடும். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணித்தியாலம் செல்லும். அதனால் நேற்றைக்கு இட்ட கோழி இன்றைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் கேரும். சின்னம்மாவின் காதுக்கு இந்தக் கணக்குத் தெரியும்.

முட்டையை ரசிக்கப் பழகுகிறவர் முதலில் கேட்கவேண்டியது அதன் வயதை. ஊர்க்கோழியா பண்ணைக்கோழியா, கோது வெள்ளையா மண்ணிறமா என்பதெல்லாம் பிறகு. கோதின் நிறம் கோழியின் இனத்தால் வருவது, அதற்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை. மண்ணிற முட்டைக்கு ரெண்டு ரூபாய் கூடக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இன்றைக்கு இட்ட முட்டை ஒன்றைத் தட்டையான கோப்பையில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள்கரு குவிந்து நிற்கும். அதைச் சுற்றி வெண்கருவும் தடிப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வெண்கரு லேசாகக் கலங்கினாற்போல் இருந்தால் பயப்படவேண்டாம், உள்ளேயிருக்கும் கரியமிலவாயு இன்னும் வெளியேறவில்லை என்றுதான் அர்த்தம். மஞ்சளின் இருபக்கமும் முறுக்கின வெள்ளை நூல்போல ஒன்று தெரியும். அது குஞ்சு இல்லை. மஞ்சளை நடுவில் பிடித்து வைத்திருக்கும் கயிறு. முட்டை பழசாகப் பழசாக மஞ்சள் சப்பையாகி, வெண்கரு தண்ணீராய் ஓடும்.

மஞ்சளின் நிறத்தைத் தீனிதான் தீர்மானிக்கிறது. மாரி மழைக்குப் புல்லும் கீரையும் தழைத்த காலத்தில் சின்னம்மா வீட்டு முட்டையின் மஞ்சள் கடுஞ்செம்மஞ்சளாக இருக்கும். காலபோக அறுவடை முடிந்து கோழிகள் வயலில் சிந்தின நெல்லையே பொறுக்கித் திரியும் நாட்களில் நிறம் வெளிறிவிடும்.

2008 கடைசியில் போரால் இந்தப் பக்கச் சனம் விசுவமடுப் பக்கமாக இடம்பெயர்ந்தபோது கோழிகளில் பாதி வளவுகளிலேயே நின்றுவிட்டன. மீள்குடியேறியபின் பல வீடுகளுக்கு வாழ்வாதார உதவியாய் வந்தவையும் கோழிக்குஞ்சுகள்தான். 2023 இல் இலங்கையில் முட்டைத் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தபோது, நாலு பேடு நின்ற வீடுகளுக்கு அந்த அந்தரம் அவ்வளவாகத் தெரியவில்லை.

இனி அடுப்படி. ஒருநாள் புது முட்டை நாலை அவிக்கப் போட்டேன். சின்னம்மா எட்டிப்பார்த்துவிட்டு, “இண்டைக்கு இட்டதை அவியாதை பிள்ளை, உரிக்கேக்க பாதி கோதோடை போயிடும்” என்றார். அப்படித்தான் போனது. வாயு வெளியேறி வெண்கருவில் காரம் ஏறினால்தான் உள்தோல் லேசாய்க் கழன்றுவரும். அதற்கு ஒரு கிழமையாவது ஆகவேண்டும். ஆகவே முட்டைக்குழம்புக்குப் போனகிழமை முட்டை. அவித்து, உரித்து, அங்கங்கே கீறி, எண்ணெயில் ஒருதரம் புரட்டிவிட்டுப் புளியும் தூளும் கொதிக்கும் குழம்பில் போடவேண்டும்.

வயது தெரியாவிட்டால் தண்ணீரில் போடுங்கள். புதுசு படுத்துக்கிடக்கும், பழசு எழும்பி நிற்கும், மிதப்பதை எறிந்துவிடலாம். என்ன முட்டையானாலும் முதலில் கோப்பையில் உடைத்துப் பார்த்துவிட்டே சட்டியில் ஊற்றுங்கள். கரியால் கீறின முட்டையை அவசரத்தில் எடுத்துவந்து நேரே தாச்சியில் உடைத்தவன் நான். மூன்று கிழமை கூட்டில் கிடந்த கூழ்முட்டை அது. அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் இராச்சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

மூன்று நாலு நாள் முட்டை பொரியலுக்கும் முருங்கையிலை வறைக்கும் நல்லது. வறையில் தேங்காய்ப்பூவுக்கு முன்பே முட்டையை ஊற்றிக் கிளறவேண்டும், பிந்தினால் பூ ஊறி நசநசவென்றாகிவிடும். நல்லெண்ணெயில் பச்சை முட்டை குடிக்கும் வழக்கத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சால்மொனெல்லாக் கிருமி ஊர்க்கோழி என்று பார்த்து விலகிப்போகாது.

இன்றைய முட்டைக்கு உரிய இடம் சொதி. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்ச வெந்தயம், மஞ்சள்தூள் எல்லாவற்றையும் தேங்காயின் கடைப்பாலில் அவியவிடுங்கள். வெங்காயம் மெத்தென்றானதும் முதற்பாலை விட்டு, நெருப்பைக் குறைத்து, கொதி அடங்கின இடமாய்ப் பார்த்து முட்டையைக் கோப்பையிலிருந்து மெல்லச் சரியுங்கள். புது முட்டையானால் வெண்கரு மஞ்சளைப் போர்த்திக்கொண்டு அப்படியே நிற்கும். பழசு சொதி முழுக்க நூல்நூலாய் ஓடும். அகப்பை போடக்கூடாது, மூடியும் போடக்கூடாது. ஓரத்துச் சொதியைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்றிக்கொண்டு நில்லுங்கள். உப்பைக் கடைசியில் போட்டு, இறக்கினபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். தட்டில் இடியப்பம் ரெண்டை வைத்து, முட்டையை அதன்மேல் இறக்கி, மஞ்சளை விரலால் உடைத்துவிடுங்கள்.