தொளதொளப் பூனைக்கு ஒரு ஜே!

எனக்கு வயது 41. ஒரு துணிப் பூனை கொட்டாவி விட்டால் எனக்குக் கண் கலங்குகிறது. வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ‘பேக்பஸ்’ பார்க்காத ஜென்மங்கள்!

1974இல் பிபிசியில் வந்த குழந்தைகள் தொடர் அது. எமிலி என்ற சிறுமிக்கு ஒரு கடை. அங்கே விற்பனைக்கு ஒன்றுமே கிடையாது! யாரோ தொலைத்த பொருளைக் கண்டெடுத்து வந்து கடை ஜன்னலில் வைப்பாள். தொலைத்தவர் அந்தப் பக்கம் வந்தால் பார்த்து எடுத்துப் போகலாம். அவள் நகர்ந்ததும் பேக்பஸ் என்கிற அந்தக் கிழட்டுப் பூனை சோம்பல் முறித்து எழும். பழைய போட்டோ மாதிரி பழுப்பேறிக் கிடந்த கடை மொத்தமும் வண்ணத்துக்கு மாறும். ஆஹா, அந்த நொடி! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் பொம்மைகள் கூடி, வந்த சாமான் என்னவென்று ஆராயும். குண்டூசி குத்தும் மெத்தை, உடைந்த பொம்மை, பாட்டிலுக்குள் கப்பல்... ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, ஒரு பாட்டு.

என் ஓட்டு ‘எலி மில்’ கதைக்குத்தான். ரொட்டித் தூளும் பட்டர் பீன்ஸும் போட்டு எலிகள் சாக்லேட் பிஸ்கட் செய்கின்றனவாம். பிஸ்கட் வருகிறது, இன்னொன்று வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. மரங்கொத்திப் பேராசிரியர் யாஃபிளுக்குச் சந்தேகம். பின்னால் போய்ப் பார்த்தால், வந்த பிஸ்கட்டையே எலிகள் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டிருக்கின்றன! “அம்மா, ஒரே பிஸ்கட்டும்மா!” என்று என் மகள் சோபாவிலிருந்து குதித்தாள். மறுநாள் செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு எனக்கு 17 முறுக்கு சுட்டுத் தந்தாள். பதினேழும் ஒரே முறுக்கு. கடைசியில் அதை அவளே தின்றுவிட்டாள்.

இத்தனையும் பெரிய ஸ்டூடியோவில் எடுத்ததில்லை. ஆலிவர் போஸ்ட்கேட், பீட்டர் ஃபர்மின் என்று இரண்டே பேர், கென்ட் பகுதியில் ஃபர்மினின் பண்ணையில், பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்தார்கள். எமிலியாக வருவது ஃபர்மினின் மகள். பூனை ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டியதாம். துணிக்குச் சாயம் போடுகையில் நேர்ந்த பிசகில் ரோஸ் கோடு விழுந்துவிட்டது. அந்தப் பிசகுக்கு ஒரு கும்பிடு!

கதை சொல்வது போஸ்ட்கேட்டின் குரல். கத்தாது, அவசரப்படாது. இப்போதைய கார்ட்டூன்களின் இரைச்சலில் தலைவலி வந்தவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து தெரியாது.

மொத்தமே 13 எபிசோடு, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். ஒரே ராத்திரியில் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள்.