கூமாப்பட்டிக்கு வழி சொல்பவர் யார்?

சமூக ஊடகக் காணொளி ஒன்றால் 2025 ஜூனில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமுள்ள கூமாப்பட்டியின் பெயர் தமிழகம் முழுக்கப் பரவியது. அதன்பின் பயண இலக்கியம் பேசும் மேடைகளில் ஒரு வாதம் அடிபடுகிறது: கைப்பேசியில் ஊரைக் காட்டி ‘வாங்க’ என்று அழைப்பவரே இன்றைய பாணர், ரீல்ஸ்தான் புதிய ஆற்றுப்படை. கேட்டதும் பிடித்துப்போகிற வாதம். அதனாலேயே அதை மறுத்தாக வேண்டும். ஆற்றுப்படையையும் அது தவறாகப் படிக்கிறது. தமிழில் பயண எழுத்து வந்த வழியையும் மறைக்கிறது.

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. புரவலனின் புகழ் அவற்றில் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் பெரும்பகுதியைச் செலவிடுவது புரவலன் நன்னனைப் பாடுவதற்கு அல்ல, அவனிடம் போகும் வழியைச் சொல்வதற்கு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, எந்தப் பாறை வழுக்கும், பாம்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் நண்டோடு சோறு என்று ஊருக்கு ஊர் இலை மாறுகிறது. போய் வந்தவன் போகிறவனுக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறான். ஊர்ப்பக்கத்து அணையில் குளிக்க விடுவார்களா, தண்ணீர் எந்த மாதம் இருக்கும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லாத அழைப்பு எத்தனை லட்சம் பேரைச் சென்றடைந்தாலும் அது ஆற்றுப்படை ஆகாது. அந்தக் காணொளியில் ஊரை நேசித்துப் பேசிய இளைஞரை நான் குறை சொல்லவில்லை. அவர் பேச்சை மரபு என்று முத்திரையிடும் ஆய்வாளர்களிடம்தான் என் வழக்கு.

இடைக்காலத்தை விரைவாகக் கடக்கலாம். தேவாரம் பாடியவர்கள் தலம் தலமாக நடந்தார்கள். தலபுராணங்கள் தலத்தை வைத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டன. 1830இல் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி தன் பயணத்தைத் தெலுங்கில் எழுதினார். தமிழில் அந்த உழைப்புக்கு ஈடாக நிற்பது கோவை சே. ப. நரசிம்மலு நாயுடு 1889இல் வெளியிட்ட ‘ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’. பக்திக்காகப் புறப்பட்டவர் பத்திரிகையாளரின் கண்ணோடு எழுதிய நூல் அது.

பிறகு ஏ. கே. செட்டியார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற பட்டத்தோடு அவரை மூட்டைகட்டி வைத்துவிட்டோம். காந்தி படத்துக்காக அவர் கண்டம் கண்டமாக அலைந்ததும், 1940இல் அது திரைக்கு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அவருடைய சிறிய வாக்கியங்களைப் பற்றித்தான் யாரும் போதிய அளவு பேசவில்லை. பார்த்ததைச் சொல்லி, தன்னை ஒதுக்கிக்கொள்ளும் உரைநடை. 1968இல் அவர் தொகுத்த ‘தமிழ்நாடு’ இன்னும் பெரிய காரியம். உலகைச் சுற்றியவர் தம் சொந்த மாநிலத்தைப் பற்றி முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பயண எழுத்தின் முகம் உள்ளூர்ப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் திருப்பம் நீடிக்கவில்லை. விகடனில் மணியன் எழுதிய ‘இதயம் பேசுகிறது’ போன்ற தொடர்கள் விமான நிலையத்தில் தொடங்கி விருந்து மேசையில் முடியும் வகையை நிலைநிறுத்தின. வாசகர்கள் ஆவலோடு படித்தார்கள், உண்மைதான். ஆனால் நாட்டைவிடப் பயணி பெரிதாகிப்போனதும் அங்கேதான். தி. ஜானகிராமனும் சிட்டியும் 1971இல் தந்த ‘நடந்தாய் வாழி காவேரி’ ஒன்றுதான் அந்த வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டது. பின்னாளில் எஸ். ராமகிருஷ்ணனின் ‘தேசாந்திரி’ ஒரு தலைமுறையை வீட்டைவிட்டு வெளியே இழுத்தது. மல்லாங்கிணற்றிலிருந்து வந்தவர் அவர். கரிசலின் வெயில் அவர் மொழியில் இருக்கிறது. ஆனாலும் அவரைப் பின்பற்றி எழுதியவர்கள் அவரது ஏக்கத்தை எடுத்துக்கொண்டு, அலைச்சலை விட்டுவிட்டார்கள்.

பயண எழுத்தாளர் பட்டியல்களில் ஓரத்தில் நிற்பவர் சோமலெ. ‘அமெரிக்காவைப் பார்’ என்று எழுதிய அதே கை பிறகு தமிழக மாவட்டங்களை ஒவ்வொன்றாக எழுதியது. பயிர், சந்தை, கோயில், தொழில், சாதி வழக்கம், சாலை என எதையும் அற்பமென்று அவர் தள்ளவில்லை. கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ராஜபாளையம் எல்லாம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காலம் அது. 1985இல்தான் இந்த ஊர்கள் அடங்கிய தனி மாவட்டம் வந்தது. ‘தகவல் தொகுப்பு, இலக்கியம் அல்ல’ என்று அவரை ஒதுக்குகிறார்கள். கவண்கல்லையும் வழுக்குப் பாறையையும் சொன்ன மலைபடுகடாம் மட்டும் இலக்கியமாம். மரபின் உண்மையான வாரிசு சோமலெதான்.

ரீல்ஸை ஆற்றுப்படை என்னும் வாதம் அடிபடும் கருத்தரங்குகளுக்கு வருகிறேன். தமிழறிஞர் தனிநாயகம் அடிகளுக்குப் பயணமும் மாநாடும் ஒரே வேலை. வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டெடுத்த புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி, கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய 1966ஆம் ஆண்டிலேயே மறுபதிப்பு கண்டது. ‘ஒன்றே உலகம்’ என்ற பயண நூலும் அவருடையதுதான். இன்றைய வட்டாரக் கருத்தரங்கிலோ ‘இன்னார் நூலில் பயண அனுபவங்கள்’ என்று ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள், பத்து நிமிட வாசிப்பு, சான்றிதழ், ஐ.எஸ்.பி.என். எண். பதவி உயர்வுக்கு அது தேவை என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் கூடும் ஊரைப் பற்றி அந்தத் தொகுப்பில் ஒரு பக்கம்கூட இல்லாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதுவும் கூமாப்பட்டி இருக்கும் இந்த வட்டாரத்தில். ஹம்பியில் அரியணையில் இருந்த கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’வின் களம் ஸ்ரீவில்லிபுத்தூர். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்தின் பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா. தொலைவிலிருந்த ஒரு மன்னன் கற்பனை செய்த ஊரை, பக்கத்து ஊர்க்காரர் திரும்ப வாங்கி வந்திருக்கிறார். மொழி, இலக்கியம், பயணம் மூன்றும் சேரும் இடம் இதுவே. இதை வைத்தே ஒரு கருத்தரங்கு முழுவதையும் நடத்தலாம்.

இரண்டு நாள் கருத்தரங்கென்றால் இரண்டாம் நாள் அரங்கைப் பூட்டிவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. கட்டுரையாளர்கள் வத்திராயிருப்பில் இறங்கி, கூமாப்பட்டி வழியாகப் பிளவக்கல் பெரியாறு அணை வரை போகட்டும். கோவிலாறு அணையையும் பார்க்கட்டும். எந்தக் கண்மாய் முதலில் நிரம்பும், மறுகால் எங்கே போகும், மடை திறப்பதில் யார் சொல் செல்லும் என்று விவசாயிகளிடம் கேட்கட்டும். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியே சதுரகிரி ஏறுபவர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று குறிக்கட்டும். 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021இல் புலிகள் காப்பகத்துக்குள் வந்த காட்டில் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்பதையும் எழுதட்டும். அந்தக் கட்டுரைகளுக்கும் ஐ.எஸ்.பி.என். எண் கிடைக்கும். முதல் கட்டுரையைக் கூமாப்பட்டியிலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் வந்து போகும் மாணவியிடம் கேட்டு வாங்க வேண்டும்.