நிறுத்தலும் துண்டித்தலும்: தொலைநிலை வழங்கி மேலாண்மைக் கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

கணினித்தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களிலேயே நின்றுவிடுகிறது. சர்வரை வழங்கி என்பதா, சேவையகம் என்பதா என்னும் விவாதம் முடிந்தபாடில்லை. சென்சாருக்கு உணரி என்பது நிலைபெற்றுவிட்டது. அவ்வழங்கியை நாம் என்ன செய்கிறோம் எனக் கூறும் வினைச்சொற்களோ போதிய கவனம் பெறவில்லை. தொலைவிலிருந்து வழங்கியின் மின்னிணைப்பை ஆளும் முறையைத் தமிழில் விளக்க முற்படுவோர்க்கு இக்குறையே முதலில் தட்டுப்படும்.

இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகிய நிறுவனங்கள் 1998இல் வெளியிட்ட ஐபிஎம்ஐ வரையறை, தாய்ப்பலகையிலுள்ள பிஎம்சி என்னும் தனிக் கட்டுப்படுத்தியை மையமாகக் கொண்டது. வழங்கி நின்ற பின்னும் காத்திருப்பு மின்சாரத்தில் இது விழித்திருக்கும். வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் வேகம் ஆகியவற்றை உணரிகள்வழிப் பெற்று, கேட்பவர்க்கு வலைவழித் தெரிவிக்கும். எனவே 'அணைக்கப்பட்ட கணினி' என்னும் தொடர் இங்கே பாதி உண்மையே.

இக்கட்டுப்படுத்திக்கு இடப்படும் கட்டளைகளுள் நான்கு இன்றியமையாதன. 'ஆஃப்' மின்சாரத்தை உடனே துண்டிக்கும். எழுதி முடியாத தரவு அழியலாம். 'சாஃப்ட்' இயங்குதளம் தானே மூடிக்கொள்ளுமாறு தூண்டும். (அளவு கடந்த வெப்பம் ஏற்பட்டதுபோல் இயங்குதளத்திடம் பாவனை செய்து இதைச் சாதிக்கும் முறையும் உண்டு, நல்ல நோக்கத்துக்கான பொய் எனலாம்.) 'ரீசெட்' மின்சாரத்தை நிறுத்தாமலே புதிதாகத் தொடங்கும். 'சைக்கிள்' துண்டித்து, குறைந்தது ஒரு நொடி பொறுத்து, மீண்டும் இணைக்கும். தமிழ் விளக்கங்களில் முன்னிரண்டும் 'அணை' எனவும் பின்னிரண்டும் 'மறுதொடக்கம்' எனவும் ஒடுங்குகின்றன. தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் 'அணைக்கவும்' என்னும் அறிவுரையைப் பின்பற்றுபவர் எதைச் செய்வார்? பிழை படிப்பவருடையதன்று, சொல்லுடையது.

ஆங்கிலமும் இதில் குறையற்றதன்று. 2015இல் டிஎம்டிஎஃப் அமைப்பு வெளியிட்ட ரெட்ஃபிஷ் இச்செயல்கள் அனைத்தையும் 'ரீசெட்' என்ற ஒரே தலைப்பில் அடக்குகிறது. ஆயினும் அதன் உட்பிரிவுகளில் 'ஃபோர்ஸ் ஆஃப்', 'கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்' என வலிந்து நிறுத்துவதையும் இணக்கமாக நிறுத்துவதையும் பிரித்துவிடுகிறது.

இத்தகைய பாகுபாடு தமிழ் வழக்குக்குப் புதியதன்று. பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களின் கிணற்றுப் பாசனத்தை நோக்கலாம். மும்முனை மின்சாரம் முறைவைத்து, சில வேளை நள்ளிரவிலும், வரும் நிலையில், சிம் அட்டை பொருத்திய ஸ்டார்ட்டரை வீட்டிலிருந்தே கைபேசியால் இயக்குவது உழவர்க்குப் பேருதவி. இங்கே 'கரண்ட் வந்துவிட்டது', 'மோட்டார் ஓடுகிறது', 'தண்ணீர் எடுக்கிறது' என்னும் மூன்றும் மூன்று செய்திகள். மோட்டார் ஓடியும் தண்ணீர் எடுக்காவிடில் அது பழுதாகும் என்பதை அறிந்தவர்கள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வழங்குவதில்லை. வழங்கியிலும் நிலைமை இதுவே. மின்நிலை 'ஆன்' எனக் காட்டுவது மின்சாரம் உள்ளது என்பதற்கு மட்டுமே சான்று. இயங்குதளம் உறைந்திருக்கலாம், இயங்குதளம் சீராயிருந்தும் சேவை நின்றிருக்கலாம். நம் எழுத்திலோ மூன்றுக்கும் 'இயங்குகிறது' என்ற ஒரே சொல்தான்.

'கரண்ட்', 'மோட்டார்' ஆகியன கடன்சொற்கள், அவற்றை ஆய்வு ஏற்கலாகாது என்பார் உளர். நான் கொள்ள விழைவது அச்சொற்களையன்று. அவற்றுடன் சேரும் வினைகளின் பிரிவை. அதன்படி 'ஆஃப்' என்பதைத் துண்டித்தல், 'சாஃப்ட்' என்பதை மூடச்செய்தல், 'சைக்கிள்' என்பதைத் துண்டித்திணைத்தல் எனலாம். உணரி அளவுகளுக்கும் இது பொருந்தும். மேலும் கீழுமாக மும்மூன்று நிலைகள் வகுக்கப்பட்டிருக்க, அனைத்தையும் 'வரம்பு' என்பது போதாது. எச்சரிக்கை வரம்பு, நெருக்கடி வரம்பு, மீளா வரம்பு எனப் பிரிப்பது தகும். 'ரீசெட்' மட்டும் இடர்ப்படுத்துகிறது. வழக்கிலுள்ள 'மீட்டமை' இழந்த தரவை மீட்பதற்கும் ஆளப்படுவதால், வழங்கியறையில் அது தவறான நம்பிக்கையைத் தரும். அதற்கு நிகரான சொல் இன்னும் எனக்கு அகப்படவில்லை.