மரத்துக்குப் பின்னால் இன்னொரு உலகம்

‘பேன்ஸ் லேபிரின்த்’ படத்தை நாலாவது தடவையாகப் போன மாதம் பார்த்தேன். பந்திங் வீட்டில், பாட்டி பக்கத்தில். அவருக்கு சப்டைட்டில் படிக்க வராது, நான் சொல்லச் சொல்லக் கேட்டார்.

கில்லெர்மோ டெல் டோரோ 2006-ல் எடுத்த படம். கதை நடப்பது 1944, ஃபிராங்கோவின் ஸ்பெயின். மலைக்காட்டில் ஒளிந்திருக்கும் கெரில்லாக்களை வேட்டையாடுகிற கேப்டன் விடால், அவன் மனைவியின் முதல் தாரத்து மகள் ஒஃபீலியா. கொம்பு வைத்த ஒரு ஃபான் அவளுக்கு மூன்று வேலைகள் கொடுக்கிறது.

நிஜ உலகம் நீலம், மாய உலகம் பொன்னிறம் என்று நிறத்தைப் பற்றி எல்லாரும் எழுதிட்டாங்க. எனக்கு முக்கியமாகப் படுவது காட்சி மாறும் விதம். கேமரா பக்கவாட்டில் நகர்கிறது, ஒரு மரத்தின் அடிப்பகுதி திரையை மறைக்கிறது, அது விலகினால் வேறு இடத்தில் இருக்கிறோம். இரண்டு உலகத்துக்கும் நடுவில் சுவர் இல்லை, ஒரு மரத்தின் அகலம்தான்.

கையில் கண் வைத்த அந்த வெளிறிய மனிதன் காட்சி இன்னும் சிறப்பு. விருந்து மேசையின் தலைமாட்டில் அவன், பின்னால் கணப்பு. கேப்டன் விருந்து கொடுக்கும்போதும் இதே அமைப்புதான். ‘தொடாதேன்னு சொல்லியும் ஏன் திராட்சையைத் தின்றாள்? திரைக்கதை ஓட்டை’ என்று நண்பர்களிடம் நானே வாதாடியிருக்கிறேன். பாட்டி ஒரே வரியில் முடிச்சிட்டார்: “பசிச்ச புள்ள எடுக்கத்தானே செய்யும்?” ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர். அப்புறம்தான் கவனித்தேன், ரேஷன் ரொட்டிக்கு ஊரே வரிசையில் நிற்பதையும், சேற்றோடு வந்தவளை ராச்சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்புவதையும் படம் முன்னாடியே காட்டிவிடுகிறது.

கடைசியில் ஒஃபீலியா ஃபானோடு பேசுகிறாள். கேமரா விடாலின் கண்ணுக்கு மாறுகிறது: அவள் எதிரே வெறும் காற்று. நான் நிறுத்தி, “யாரும் இல்ல பாட்டி, எல்லாம் அவ கற்பனை” என்றேன்.

பாட்டியின் அப்பாவை 1943-ல் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. ஆனால் ஒரு மழை ராத்திரி லயத்து வாசலில் அவர் நின்றதைப் பார்த்ததாகப் பாட்டி சொல்வார். வேறு யாரும் பார்க்கவில்லை. சின்ன வயசில் நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

“அவன் கண்ணுக்கு எப்படிடா தெரியும்?” என்றார்.

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அந்த ஷாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒஃபீலியா விடாலின் குவளையில் மயக்க மருந்து கலக்கிறாள். ஃபான் இல்லை என்பதற்கு நாம் நம்பும் ஒரே சாட்சி, கால் தள்ளாடி வருகிற ஒரு கொலைகாரன். இதைக் கற்பனை என்று முடித்துவிட்ட நான் அவன் பார்வையை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொன்மண்டப முடிவு மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. அத்தனை நேரம் ஊர்ந்த கேமரா அங்கே மேடை நாடகத்தைப் பார்ப்பதுபோல நின்றுவிடுகிறது. பாட்டியிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். தூங்கியிருந்தார்.