அடுத்த சீசனின் பொறுப்பு

ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் 2022 பிப்ரவரியில் வெளிவந்த 'செவரன்ஸ்' என்னும் விஞ்ஞானக் கதைத் தொடரின் இரண்டாம் சீசன், 2025 ஜனவரி 17-ஆம் தேதி தொடங்கியது. இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டமையால், ஒன்பது அத்தியாயங்கள் கொண்ட முதல் சீசனை ஆதியிலிருந்து மறுபடி பார்த்து முடித்த பிறகே நான் புதியதற்குள் புகுந்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது, பல ஆண்டுகளாக மனத்தில் உருவமற்றுக் கிடந்த ஓர் அபிப்பிராயம் எனக்குத் தெளிவுபட்டது. இத்தகைய தொடர்களின் புதிய சீசனை நாம் மெச்சுவதற்கும் நிந்திப்பதற்கும் பாத்திரங்களின் மீதுள்ள பிரியம் ஒரு காரணமே எனினும், முதல் சீசனில் ஆசிரியர் நம்மை ஒப்புக்கொள்ளச் செய்த விதிகளை அவரே பின்னர் எவ்வாறு நடத்துகிறார் என்பதுதான் பிரதான காரணம்.

குடும்பக் கதைக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. பிறப்பும் இறப்பும் கல்யாணமும் சொத்துத் தகராறும் நாம் அறிந்த உலகத்தின் விவகாரங்களாகையால், எந்த இடத்தில் எடுத்துத் தொடர்ந்தாலும் அது தொடரும். விஞ்ஞானக் கதையிலோ, காலத்தில் பின்னோக்கிப் போகலாமா, இறந்தவர் மீள்வாரா, ஒரு விண்கலம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர எத்தனை நாள் பிடிக்கும் என்பனவற்றையெல்லாம் பார்வையாளன் பிரயாசைப்பட்டுக் கற்றுக்கொண்டாக வேண்டும். அவன் கற்றதை மூலதனமாகக் கொண்டு, அந்த விதிகளுக்குள்ளேயே அதுவரை நம் கண்ணில் படாதிருந்த விளைவுகளை எடுத்துக் காட்டும் சீசன் உத்தமமானது. கதை சிக்கிக்கொண்ட இடத்திலிருந்து தப்புவதற்காகப் புதிய விதிகளைச் சிருஷ்டித்துக்கொள்ளும் சீசன் அவனுடைய உழைப்பை வீணாக்குகிறது.

இதில் உத்தமமான பக்கத்துக்கு நான் முதலில் எடுத்துக்காட்டுவது 'தி எக்ஸ்பான்ஸ்'. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்னும் புனைபெயரில் டேனியல் ஏப்ரஹாம், டை ஃபிராங்க் ஆகிய இருவர் சேர்ந்து எழுதிய நாவல்களைத் தழுவி, 2015 டிசம்பரில் சைஃபை அலைவரிசையில் அது தொடங்கியது. அதன் முதல் அத்தியாயத்தில், குறுங்கோள் மண்டலத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனை, பூமியின் அதிகாரியான அவசரலா விசாரிக்கிறாள். அங்கே சாட்டையும் இல்லை, மின்சாரமும் இல்லை. குறைந்த ஈர்ப்பில் நீண்டு மெலிந்து வளர்ந்த அவனுடைய தேகத்தைக் கொக்கிகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பூமியின் ஈர்ப்பே அவனுக்குச் சித்திரவதையாகிவிடுகிறது. அந்தக் காட்சி சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் நான்காம் சீசனில், விண்மீன்களுக்கு வழிதிறக்கும் வளையத்தைக் கடந்து இலஸ் என்னும் கிரகத்தில் இறங்கும்போது, அதே மண்டலத்து மகளான நவோமி, மருந்துகளை ஏற்றிக்கொண்டு உடலைப் பக்குவப்படுத்தி, தன் வாழ்நாளில் அறியாத திறந்த வானத்தின் கீழே தரையில் கால் வைக்கிறாள். சில நாட்களில் அந்த உடல் தாங்காமல் தளர்ந்துபோக, கலத்துக்கே திரும்பிவிடுகிறாள். எவனோ ஓர் அந்நியனுடைய வேதனையாக நாம் அன்று பார்த்த ஒரு பௌதிக விதி, மூன்று சீசன்கள் கடந்தபின், நாம் நேசிக்கத் தொடங்கிவிட்ட ஒருத்தியின் துயரமாகத் திரும்பி வருகிறது. இந்த ஆழம் இரண்டரை மணி நேரத் திரைப்படத்துக்கு எளிதில் வாய்க்காது. ஆண்டுக்கணக்கில் ஓர் உலகத்தில் நம்மைக் குடியிருக்க வைக்கும் சீசன் முறைக்கே உரிய விசேஷம் இது.

அந்தத் தொடரை சைஃபை நிறுவனம் 2018 மே மாதத்தில் கைவிட்டபோது, ரசிகர்கள் பணம் திரட்டி, அமேசானின் ஸ்டூடியோவுக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள் என்பதும், அமேசான் அதை ஏற்று மேலும் மூன்று சீசன்கள் தயாரித்தது என்பதும் பலர் அறிந்த செய்தி. காப்பாற்றப்பட்டதிலும் ஒரு குறை உண்டு. இறுதியான ஆறாம் சீசனுக்கு ஆறே அத்தியாயங்கள் கிடைத்தன; அவற்றில் லக்கோனியா என்னும் தொலைதூரக் கிரகத்தில் ஒரு சிறுமியை முன்னிட்டுத் தொடங்கிய கிளைக்கதை, ஒன்பது நாவல்களில் கடைசி மூன்றும் திரைக்கு வராமையால், பாதியிலேயே நின்றுவிட்டது.

ரசிகர்களின் முயற்சியால் ஒரு சீசன் பிழைப்பது நம் காலத்துப் புதுமையன்று. அமெரிக்காவின் என்.பி.சி. அலைவரிசையில் 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' இரண்டு சீசன்களோடு முடிந்துவிடும் என்ற நிலை வந்தபோது, ரசிகர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். 1968 மார்ச் 1-ஆம் தேதி ஒளிபரப்பின் முடிவில், தொடர் நீடிக்கும் என்று நிலையமே அறிவிக்க நேர்ந்தது. ஆயினும் நிலையம் அதற்குக் கொடுத்தது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி, செலவுத்தொகையும் குறைக்கப்பட்டது, சிருஷ்டிகர்த்தாவான ஜீன் ராடன்பெரி அன்றாட மேற்பார்வையிலிருந்து விலகிக்கொண்டார். நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கின் மூளையை யாரோ களவாடிப் போகும் கதையோடு தொடங்கிய அந்த மூன்றாம் சீசனில், ஒன்றிரண்டு நல்ல கதைகளைத் தவிர, முந்தைய இரண்டின் சிந்தனைச் செழுமை இல்லை என்பதே என் கருத்து. அப்படியானால் அந்தக் கடிதங்கள் வீணா என்றால், இல்லை என்றே சொல்வேன். அந்தச் சீசனையும் சேர்த்து எழுபத்தொன்பது அத்தியாயங்கள் திரண்டமையாலேயே, உள்ளூர் நிலையங்கள் நாள்தோறும் மறு ஒளிபரப்புச் செய்வதற்கு அது ஏற்றதாயிற்று. எழுபதுகளில் அதைக் கண்டு வளர்ந்த தலைமுறையின் அன்பினால் 1979-இல் திரைப்படமும் பிறந்தது. சோடையான ஒரு சீசன் அதற்கு முந்தைய நல்ல இரண்டையும் காத்துக்கொடுத்தது. கலையின் நியாயம் ஒன்று, பிழைப்பின் நியாயம் வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துதல் கூடாது.

உலகத்தை நிர்மாணிக்கும் கதைக்கு இத்தகைய நீட்சி பொருந்தும். புதிரை மையமாகக் கொண்ட கதைக்கோ அது பெரும்பாலும் விஷமாகிவிடுகிறது. 'வெஸ்ட்வர்ல்ட்' 2016-இல் தொடங்கியபோது, மனித உருவ இயந்திரங்கள் தங்களுக்குப் பிரக்ஞை உண்டு என்று உணரும் கதையை, இரண்டு காலங்களை ஒன்றெனக் காட்டி மறைத்த அரிய உபாயத்தோடு சொல்லிற்று. புதிர் அவிழ்ந்த பின்னும் தொடர் நீண்டது. இயந்திரத்தை மறுபடி செய்துகொள்ளலாம், மனிதனுக்கும் பிரதி உண்டு என்று ஆனபின், திரையில் ஒருவர் இறந்தால் நமக்குத் துக்கம் வருவதில்லை. அடுத்த அத்தியாயத்தில் வந்துவிடுவார் என்ற எண்ணமே வருகிறது. நான்கு சீசன்களுக்குப் பின், படைத்தவர்கள் ஐந்தாவதை விரும்பியிருந்தும், 2022 நவம்பரில் அது நிறுத்தப்பட்டது.

சீசன் சீசனாக அனுமதி பெற்று எடுக்கும் இந்த முறையின் அநீதியை அறிய விரும்புவோர், ஜெர்மானியரான பாரன் போ ஓடர், யான்ட்யே ஃப்ரீஸே இருவரின் இரண்டு தொடர்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று சீசன்கள் என்று திட்டமிட்டு, இருபத்தாறு அத்தியாயங்களில் அவர்கள் முடித்தது 'டார்க்'. அதே மூன்று சீசன் திட்டத்தோடு, அதே நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்துக்காக அவர்கள் எடுத்த '1899', 2022 நவம்பரில் எட்டு அத்தியாயங்களோடு வெளிவந்து, கதையின் மெய்யான களம் எது என்பது கடைசிக் காட்சியில் தெரியவரும் தருவாயில் நின்றது. 2023 ஜனவரியில் ரத்து என்ற செய்தி வந்தது. அந்த எட்டு அத்தியாயங்களிலும் சிந்தையைச் செலுத்திய பார்வையாளன் பாதி வாக்கியத்தில் விடப்பட்டான். புதிரைச் சொல்ல ஒப்புக்கொள்ளும் நிறுவனம் விடையையும் சொல்லவிட வேண்டும். இதில் வியாபாரக் கணக்கை ஒரு சமாதானமாக என்னால் ஏற்க முடியவில்லை.

'செவரன்ஸ்' மேற்சொன்ன இரண்டு வகைக்கும் நடுவே நிற்பது. அறுவைச் சிகிச்சையால் அலுவலக நினைவையும் வெளி நினைவையும் பிரித்துவிட்டால், ஓர் உடலுக்குள் ஒருவரையொருவர் அறியாத இருவர் வாழ்வார்கள் என்பது அதன் விதி. இரண்டாம் சீசனில் எனக்குக் குறைகள் தென்படாமல் இல்லை. முதல் சீசனில் விநோதமாக வந்துபோன ஆடுகள், இதில் ஒரு பெரிய புல்வெளியளவு பெருகியும், அவற்றுக்குக் கிடைத்த விளக்கம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. நடுப்பகுதியில் கதை அலுவலகத்தை விட்டு அலையும்போது வேகம் தளர்கிறது. 2023-இல் எழுத்தாளர்களும் நடிகர்களும் செய்த வேலைநிறுத்தங்களும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றாலும், அத்தனை காலம் காத்திருந்தவனுக்கு இந்தத் தளர்ச்சி இருமடங்காகவே படும்.

ஆனால் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் மார்க்கின் காட்சி ஒன்று வருகிறது. ஒரு குடிலின் உள்ளே இருந்தால் ஒரு மார்க், வெளி முற்றத்துக்கு வந்தால் இன்னொரு மார்க். கையடக்கமான வீடியோ காமிரா ஒன்றில் ஒருவன் தன் செய்தியைப் பதிந்துவிட்டு வாசலைத் தாண்டுகிறான். தாண்டியவன் அதைப் பார்த்துவிட்டுத் தன் மறுமொழியைப் பதிந்து திரும்புகிறான். வெளியே வாழ்பவன் தன் மனைவியை மீட்கும்பொருட்டு உள்ளேயிருப்பவனிடம் நயமாகவும் நன்றியோடும் பேசுகிறான். பேச்சின் நடுவே, உள்ளேயிருப்பவன் காதலிக்கும் ஹெல்லி என்பவளின் பெயரை 'ஹெலனி' என்று தவறாகச் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு சொல்லில் எல்லாம் உடைந்துபோகிறது. தன் காதலியின் பெயரைக்கூடச் சரியாகத் தெரிந்துகொள்ளாதவன் தன்னைச் சமமான மனிதனாக எப்படி மதிப்பான் என்று கேட்கும் மற்றவனின் முகமும் அதே முகந்தான். புதிய விதி எதுவும் அங்கே புகுத்தப்படவில்லை. முதல் சீசனின் முதல் நாளிலேயே நமக்குச் சொல்லப்பட்ட விதியினின்று, இப்படியும் ஒரு சம்பாஷணை பிறக்கக்கூடும் என்பதை நாம்தான் நினைக்கவில்லை. அந்தச் சில நிமிஷங்களுக்காக மூன்று ஆண்டுத் தாமதத்தை நான் மன்னித்துவிட்டேன். ஆடுகளை இன்னும் மன்னிக்கவில்லை.

எல்லை வகுத்துக்கொள்வதால் ஒரு படைப்பு நஷ்டமடைவதில்லை என்பதற்கு 'ஆன்டோர்' என்னும் தொடர் சாட்சி. ஐந்து சீசன்கள் என்று முதலில் எண்ணிய அதன் படைப்பாளி டோனி கில்ராய், அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கண்டு, எஞ்சிய நான்கு ஆண்டுக் கதையையும், ஆண்டுக்கு மூன்று அத்தியாயங்கள் வீதம், 2025-இல் வந்த இரண்டாம் சீசனின் பன்னிரண்டு அத்தியாயங்களில் அடக்கிவிட்டார். இடைவெளிகளில் சில பாத்திரங்களின் மாறுதல் நம் பார்வைக்கு அப்பால் நடந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆயினும் கோர்மன் என்னும் கிரகத்தின் சதுக்கத்தில் நடக்கும் படுகொலையில் வந்து குவியும் இறுக்கம், ஐந்து சீசன்களாகப் பரப்பியிருந்தால் கிடைத்திருக்காது.

எல்லையை முன்பே வகுத்துக்கொண்ட காலப்பயணக் கதையான 'டார்க்'கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் மூன்றாம் சீசன் இரண்டாவதோர் உலகத்தைக் கொண்டுவந்து, நடுவில் மிகவும் சிக்கலாகிறது என்று குறை சொல்வோர் உண்டு. அது நியாயமான குறையே. ஆனால் முதல் சீசனிலேயே கடை வைத்து உட்கார்ந்திருந்த கடிகாரக்காரரான கிழவரின் துக்கத்தில் கதை முடிச்சின் மூலத்தைக் கொண்டுபோய் நிறுத்தும் கடைசி அத்தியாயம், முடிவை முன்பே அறிந்தவர்களால் மட்டுமே எழுதக்கூடியது. இதுவரை அதைப் பார்க்காத வாசகர்கள், மொழிமாற்றக் குரலைத் தவிர்த்து, ஜெர்மன் ஒலியில் எழுத்துரையோடு பார்க்க வேண்டுகிறேன். பக்கத்தில் ஒரு காகிதமும் பேனாவும் இருக்கட்டும். விண்டன் என்னும் அந்த ஊரின் நான்கு குடும்பங்களை முதல் நாளிலிருந்தே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சீசனில் ஒருத்தி தன் மகளுக்கே மகளாகும் இடம் வரும்போது அந்தக் காகிதம் தேவைப்படும்.